சாரம் கட்டிய கோபுரம்

மைசூர் அசோகா ரோட்டில் ஆட்டோ திரும்பியதும் அம்மா கும்பிடக் கையெடுத்தாள். எடுத்த கை பாதியில் நின்றது. "என்னாடி இது, கோபுரத்தையே காணோம்?"

புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம். தூரத்திலிருந்தே தெரியும் என்று சொல்லித்தான் அவளை அழைத்துப் போயிருந்தோம். அன்று அடியிலிருந்து கழுத்து வரைக்கும் இரும்புக் குழாய்ச் சாரம். அதன்மேல் பச்சை வலை. வலைக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கூரிய முனைகளும் சிலுவைகளும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாசலில் இறங்கிய சுற்றுலாப் பயணிகள் போனை உயர்த்தி, கோணம் தேடி, கிடைக்காமல் இறக்கினார்கள்.

அப்பாவுக்குத்தான் சந்தோஷம். "வேலை நடக்குது" என்றார். ஆட்டோவுக்குக் காசு கொடுப்பதையும் மறந்து சாரத்தின் முட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

அப்பா கொத்தனார். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து இளவயதில் பெங்களூர் வந்து ஈஜிபுராவில் குடியேறியவர். அம்மா அதே வேலையில் சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து மூன்று மாடி ஏறி இறங்கியவள். ஈஜிபுராவுக்கும் விவேக்நகருக்கும் நடுவே எங்கள் தெருவில் இப்படிப் பல குடும்பங்கள். கோரமங்களாவின் லேஅவுட்கள் எழும்பியபோது அவற்றுக்குச் செங்கல் அடுக்கியவர்கள், 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எங்கள் பக்கத்தில் கட்டப்பட்ட கேம்ஸ் வில்லேஜ் அடுக்குமாடிகளில் கூலிக்குப் போனவர்கள். அம்மா வியாழக்கிழமை தவறாமல் விவேக்நகர் குழந்தை யேசு கோயிலுக்குப் போவாள். அந்தக் கூட்டத்தில் யார் என்ன மதம் என்று பிரிக்க முடியாது. செப்டம்பர் 8 வந்தால் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தேர். அதுவும் கோத்திக் கட்டடம்தான். 1882இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அங்கே மாதா சேலை கட்டியிருப்பாள், கும்பிடுகிற கூட்டத்தில் பாதித் தமிழ் கேட்கும். கூர் வளைவு, விலா எலும்பு போட்ட கூரை, வண்ணக் கண்ணாடி எல்லாம் எனக்குப் புத்தகத்தில் வந்தவை அல்ல. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவை.

பிலோமினாவுக்கு அம்மா ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். அதனால்தான் அந்தப் பயணம். 2010களின் பிற்பகுதி, மழைக்கு முந்திய மாதம்.

உள்ளே போகும் வழியைக் கயிறு கட்டி மாற்றியிருந்தார்கள். ஆனால் பூசை நிற்கவில்லை, ஆலயமும் மூடப்படவில்லை. எண்ணூறு பேர் உட்காரக்கூடிய நடுமண்டபத்தில் ஒரு பக்கம் ஜெபமாலை ஓடியது. இன்னொரு பக்கம் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் சுண்ணாம்புத் தூள் படிந்து கிடந்தது. பீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடிகளில் பிறப்பு, இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு, உயிர்ப்பு, விண்ணேற்பு. வெளியே வலை கட்டியிருந்ததால் சில கண்ணாடிகளில் வெயில் மங்கி, நீலம் கறுப்பாகத் தெரிந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் படத்தைத்தான் பார்ப்போம். மங்கலில், துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈயப் பட்டைகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு துண்டையும் யாரோ வெட்டி, யாரோ கோத்திருக்கிறார்கள்.

இந்த ஆலயம் எழும்பிய கதையில் நம் பக்கத்துக் குடும்பத்துக்காரர் ஒருவர் உண்டு. மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் செயலாளராக இருந்த சர் டி. தம்பு செட்டி. திருச்சியில் வேர்கொண்ட கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. 1926இல் கிழக்கிந்திய நாடுகளுக்கான பாப்பிறைத் தூதராக இருந்த பீட்டர் பிசானியிடமிருந்து பிலோமினாவின் திருப்பண்டம் ஒன்றைப் பெற்று வந்தார். அதைக் கையில் வாங்கிய கோஷே என்ற பாதிரியார், இந்தப் புனிதைக்கு ஒரு பெரிய கோயில் வேண்டும் என்று மகாராஜாவிடம் போனார். அதே இடத்தில் 1843இல் முன்னிருந்த மகாராஜா ஒருவர் கட்டித்தந்த ஆலயம் ஒன்று ஏற்கனவே இருந்தது. 1933 அக்டோபர் 28 அன்று நால்வடி புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆயர் ரெனே ஃபூகா மேற்பார்வையில் வேலை முடிந்தது. வரைபடம் டாலி என்ற பிரெஞ்சுக்காரருடையது, மாதிரி ஜெர்மனியின் கொலோன் பேராலயம். இந்து அரசர் கல் நாட்ட, அவருடைய செயலாளர் வாங்கி வந்த திருப்பண்டத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ஜெர்மன் கோபுரம் வரைய, அதைக் கட்டி முடித்தவர்கள் எந்த ஊர்க் கொத்தனார்கள்? அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். பலகையில் அவர்கள் பெயர் இல்லை.

பீடத்துக்கு அடியில் நிலவறை. படி இறங்கிப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் பிலோமினாவின் சிலை. 1802இல் ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த எலும்புகளிலிருந்து தொடங்கிய பக்தி இது. அவளைப் பற்றி உறுதியான வரலாறு இல்லை என்று 1961இல் திருச்சபையே நாள்காட்டியிலிருந்து அவள் விழாவை எடுத்துவிட்டது. மைசூரில் அதனால் யாரும் வராமல் போகவில்லை. நிலவறைச் சுவர் நெடுக நன்றிக் கற்கள். வேலை கிடைத்தது, குழந்தை பிறந்தது, நோய் தீர்ந்தது என்று குடும்பம் குடும்பமாகப் பதித்த பளிங்குப் பலகைகள். அம்மா அங்கே நின்று நெடுநேரம் முணுமுணுத்தாள். நேர்த்தி என்ன என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஈரம் இருக்கு" என்றார்.

அந்த ஈரம்தான் கட்டடத்தின் நோய். மேலே வந்ததும் அப்பா நேரே சாரத்தடிக்குப் போனார். காவலர் தடுக்கவில்லை. கொத்தனாரின் கையைப் பார்த்தாலே இன்னொரு வேலைக்காரருக்குத் தெரிந்துவிடும். காரைக்குடிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் தென்னங்கீற்று நிழலில் காரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். தமிழ்க் குரல் கேட்டதும் எழுந்து, "வாங்கண்ணே" என்றார். அடுத்த ஒன்றரை மணி நேரம் இருவரும் என்னையும் அம்மாவையும் மறந்துவிட்டார்கள்.

கோத்திக் கட்டடம் அழகாக இருப்பதற்கு என்ன காரணமோ அதுவே அதற்கு ஆபத்தும் என்று மேஸ்திரி சொன்னார். சாதாரணச் சுவரில் மழை வழிந்து போய்விடும். இங்கே ஒவ்வொரு சாண் உயரத்திலும் ஒரு பிதுக்கம், ஒரு குழிவு, ஒரு குட்டிக் கோபுரம், ஒரு பூ. எல்லாவற்றின் மடிப்பிலும் தண்ணீர் தங்கும், தூசி தங்கும். பறவை எச்சத்தோடு அரச விதை வந்து விழும். விரல் பருமன் வேர் போதும், பத்து வருடத்தில் கல்லை நகர்த்திவிடும். அவர் மேலிருந்து பிடுங்கி வைத்திருந்த அரசங்கன்று ஒன்றைக் காட்டினார். இலைகள் ஐந்தாறுதான். வேர் என் கை நீளம்.

அதைவிட மோசம் பழைய ஒட்டுப்போடல்கள். பழைய பூச்சு முழுக்கச் சுண்ணாம்பு. விரிசல் விட்ட இடத்தில் இடைக்காலத்தில் வந்தவர்கள் சிமெண்டைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள். சிமெண்ட் கெட்டிதானே, என்ன குறை என்று நான் கேட்டேன். பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "கெட்டியா இருக்கறதுதாம்மா குறை." சுண்ணாம்புக் காரையில் நுண்ணிய துளைகள் உண்டு. மழையில் நனையும், வெயிலில் காயும். உள்ளே போன ஈரம் அதே வழியில் வெளியே வந்துவிடும். சுவர் வெயிலில் கொஞ்சம் விரிந்தாலும் காரை கூடவே அசைந்து கொடுக்கும். சிமெண்ட் அசையாது, ஈரத்தையும் வெளியே விடாது. அதன் ஓரத்து மயிரிழைப் பிளவில் புகுந்த தண்ணீர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். செங்கல்லில் இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது படிகமாகி, செங்கல்லையே பொடிப்பொடியாக்கும். மேலே சிமெண்ட் பளபளவென்று நிற்க, பின்னால் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும்.

மேஸ்திரி மரச் சுத்தியால் சுவரைத் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வந்தது. ஒரு முழம் தள்ளித் தட்டினார். பொள்ளென்று கேட்டது. பொள்ளலான இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சுவர் முழுக்க வட்டங்கள். வட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் கொத்தி எடுக்க வேண்டும். வெளியே ஒரு விரற்கடை கூடப் போகக்கூடாது. புதுச் சுவர் எழுப்புகிறவனுக்கு வேகம் வேண்டும், இந்த வேலைக்குக் காது வேண்டும்.

காரை செய்யும் முறையை அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பூத்து உடையும். நீற்றிய அந்தச் சுண்ணாம்பை உடனே எடுக்கக்கூடாது, தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு வெண்ணெய். மணலோடு செங்கல் தூள். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். பூசியபின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகும். மைசூருக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1911இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை சிமெண்டில் கட்டியதல்ல. சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த சுர்க்கிக் காரையில் எழுப்பியது. காவிரியை இன்றும் தாங்குகிறது.

அப்பாவின் தாத்தா ஊரில் சுண்ணாம்பு அரைத்தவர். செக்கு மாட்டின் பின்னால் சிறுவனாக நடந்த நினைவு அப்பாவுக்கு இருந்தது. பெங்களூரில் அவர் கை முப்பது வருடங்களுக்கு மேல் சிமெண்டையும் ஆற்று மணலையும் தவிர வேறெதையும் தொட்டதில்லை. தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் வழித்து, மூக்கருகே கொண்டுபோனார். "இதே வாசனை" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் ஈஜிபுராதான் மனதில் ஓடியது. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏழைகளுக்கென்று கட்டப்பட்ட குவார்ட்டர்ஸ் இருந்தது. 1990ஐ ஒட்டி எழும்பிய அடுக்குகள். பத்துப் பதினைந்து வருடம்கூடத் தாங்கவில்லை. 2000களில் சில அடுக்குகள் சரிந்தன, மற்றவை இடிக்கப்பட்டன. அங்கிருந்த குடும்பங்கள் அதே மண்ணில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, வீடு திரும்ப வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தன. 2013 ஜனவரியில் புல்டோசர் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மார்கழிக் குளிர் விடாத நாட்கள் அவை. எங்கள் வீட்டில் இரண்டு குடும்பங்களின் அண்டா குண்டாக்கள் ஒரு மாதம் இருந்தன. அம்மாவோடு சட்டி தூக்கிய அக்கா ஒருத்தி நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் சமைத்ததை நான் பார்த்தேன்.

அந்தச் சுவர்களையும் யாராவது இப்படித் தட்டிப் பார்த்திருந்தால்? மாடிக் குழாய் அடைத்துக்கொண்டபோதே யாராவது ஏறி வந்திருந்தால்? எண்பது வயதுக் கட்டடத்துக்குச் சாரம் கட்டி, வட்டம் போட்டு, கடுக்காய் ஊறவைத்துக் காத்திருக்கிற பொறுமை நம் நாட்டில் இருக்கிறது. கையும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கு பதினைந்து வயதுக் குடியிருப்புக்குக் கிடைக்கவில்லை. தேவாலயத்துக்குச் செலவழித்தது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குச் செய்தது சரி. அதே மரியாதை எங்கள் ஆட்களின் சுவருக்கும் உரியது. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

மைசூரும் இந்தப் பாடத்தை வலியோடு கற்ற ஊர். 2012 ஆகஸ்டில் லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் வடக்கு வாசல் பக்கம் சரிந்தது. நாங்கள் போன நாட்களில் அந்த இரண்டையும் இடிப்பதா காப்பாற்றுவதா என்று ஊர் விவாதித்துக்கொண்டிருந்தது. ஹாசன் பக்கத்து ஷெட்டிஹள்ளியில் இன்னொரு கோத்திக் கோயில் இருக்கிறது. ஹேமாவதி நீர்த்தேக்கம் வந்தபோது ஊர் காலியானது, கோயில் தண்ணீருக்குள் போனது. மழைக்காலத்தில் மூழ்கி, கோடையில் வெளியே வரும். பரிசலில் போய்ப் படமெடுக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அழகு தெரிவதில்லை. அடுத்த வருடம் எந்த வளைவு இருக்காது என்றுதான் கண் தேடும்.

மைசூருக்கு மாதிரியான கொலோனில் இந்தக் கவலை ஒரு நிரந்தர வேலையாகவே இருக்கிறது. 1248இல் தொடங்கிய கட்டடம் அது. பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றுபோய், தெற்குக் கோபுரத்தின்மேல் ஒரு மரப் பாரந்தூக்கி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றது. 1880இல்தான் 157 மீட்டர் கோபுரங்கள் முடிந்தன. முடிந்தபின்னும் கல்தச்சரும் கண்ணாடிக்காரரும் ஆலயத்துக்கே சொந்தமான பட்டறையில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். எங்காவது ஒரு மூலையில் சாரம் இருந்துகொண்டேயிருக்கும். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ருதாம் கூரை எரிந்ததை டி.வி.யில் பார்த்துவிட்டு அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. பிறகு அங்கே ஓக் மரத்தைக் கோடாலியால் செதுக்கிப் பழையபடியே கூரைச் சட்டம் செய்தார்கள் என்றும், 2024 டிசம்பரில் கதவு திறந்தது என்றும் நான் படித்துச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அத்தனை தச்சனுங்க எங்கிருந்து கெடச்சாங்க?" இருந்தவர்களோடு புதிதாகவும் பழக்கினார்கள் என்றேன். "அதான் வேலை" என்றார்.

மைசூர் மேஸ்திரியின் கவலையும் அதுவாகத்தான் இருந்தது. ஆள் இல்லை. பையன்கள் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள், நாளுக்கு நாள் காசு. காரையைப் புரட்டிவிட்டு மூன்று வாரம் காத்திரு என்றால் எவன் நிற்பான்? அவரிடம் கரண்டி பிடித்தவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

அம்மா இவ்வளவு நேரமும் பேச்சில் சேரவில்லை. தொட்டியருகே சுண்ணாம்பைச் சலித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் போய் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி மண்டியா பக்கம், கன்னடம். இன்னொருத்தி தருமபுரிப் பெண், இருபத்தைந்து இருக்கும். கையில் சுண்ணாம்பு பட்டு வெடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி அம்மா வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஆள் இல்லை என்றதும் திரும்பினாள்.

"ஆள் இல்லன்னு யாரு சொன்னது? இது யாரு?"

மேஸ்திரி சிரித்தார். "அது சித்தாளுக்கா."

"நானும் இருபது வருசம் சித்தாளுதான். கலவை எந்தப் பதத்துல இருக்கணும்னு இவருக்கு நான்தான் சொல்லுவேன். ஒரு நாள் கரண்டியக் குடுத்தாரா கேளுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அது உண்மை. எங்கள் தெருவில் சட்டி தூக்கிய பெண்கள் எத்தனையோ பேர். பதினெட்டு வயதில் தொடங்கி முதுகு வளைகிற வரைக்கும் தூக்கினார்கள். ஒருத்தி கையிலும் கரண்டி ஏறவில்லை. ஆணாக இருந்தால் நாலு வருடத்தில் சித்தாள் கொத்தனாராகிவிடுவான்.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தத் தருமபுரிப் பெண் கையில் கரண்டியையும் மணியாசுக் கட்டையையும் கொடுத்து, கீழ்ச் சுவரில் ஒரு வட்டத்தைக் காட்டினார். கொத்தி எடுத்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்த இடம். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவை. காரையை எடுத்து அடித்தாள். பாதி கீழே விழுந்தது. "மணிக்கட்ட ஒடிக்காத, தோளால வீசு" என்றார் அப்பா. இரண்டாவது நின்றது. மூன்றாவதும் நின்றது. கட்டையை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கிட்டே போய் விரலால் அழுத்திப் பார்த்தார். "பழகிடும். நாளையிலேருந்து காலையில ரெண்டு மணி நேரம் பூச்சுக்கு நில்லு" என்றார்.

"கூலி?" என்றாள் அம்மா.

"பழகற வரைக்கும் இதே கூலிதான்கா. தனியாப் பூச்சு எடுக்க ஆரம்பிச்சா கொத்தனார் கூலி."

அம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்க. இவரு வாயால சொல்லிட்டாரு, நாங்க மூணு பேரும் சாட்சி. அந்தக் கூலி வர்ற சனிக்கிழமை எண்ணிப் பாத்து வாங்கு."